துரைத் தாத்தா விட்டு வந்த வீடு

கிள்ளானில் இருக்கும் எங்கள் குடும்பக் கல்லறைகளில் ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு டூத் பிரஷ் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அத்தை அதைப் பழைய பிஸ்கட் டின்னில் சோப்புத் தண்ணீரோடு எடுத்து வருவார். மற்றவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் போதும். துரைத் தாத்தாவின் கல்லில் ஆங்கில எழுத்துகளை ஆழமாகச் செதுக்கியிருந்ததால் பாசி அந்தப் பள்ளங்களில்தான் பிடிக்கும். அத்தை வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேய்ப்பார். நான் குடை பிடிப்பேன். பெற்ற அப்பாவின் கல்லறைக்குக்கூட அவர் அவ்வளவு நேரம் செலவழித்து நான் பார்த்ததில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. துரைத் தாத்தா அத்தைக்குக் கொள்ளுத்தாத்தா. சிலாங்கூரில் ரயில் பாதை போட்ட காலத்தில் இங்கிலாந்திலிருந்து மேற்பார்வையாளராக வந்தவர், தண்டவாள வேலைக்கு வந்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, கிள்ளானிலேயே கண்ணை மூடினார். அவருடைய நிறத்தைப் பற்றியோ பதவியைப் பற்றியோ அத்தை பெருமை பேசியதே இல்லை. "மத்த வெள்ளைக்காரனுங்க எல்லாம் புள்ளயக் குடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டானுங்க. நம்ம தாத்தா ஒருத்தருதான் விட்டுட்டுப் போகல" என்பார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், யாரும் கேட்காமலே சொல்வார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அத்தையின் கணவர், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் கிறிஸ்மஸ் கார்டு மட்டும் வந்தது. கடைசியில், அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. அத்தை தாலியைக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து மகளை ஆளாக்கினார். யாராவது கேட்டால், "அவரு வெளியூர்ல இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். விட்டுப் போகாத ஆண் ஒருவர் எங்கள் வம்சத்தின் தொடக்கத்தில் இருக்கிறார் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அதில் கை வைத்தேன்.

கேட்டது அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொமுட்டர் ரயில் ஏறி, நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடுவார். இருவரும் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அப்படி ஒருநாள், "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேம்மா, தாத்தா ஊர்ல நம்ம சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாரேன்" என்றார். கல்லறையில் அவர் பிறந்த கிராமத்தின் பெயர் இருந்தது. இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன தொழில் என்று எழுதியிருக்கிறார்கள். தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. இன்றைக்கு அதையெல்லாம் ஆபீஸ் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

முதலில் அவருடைய ஞானஸ்நானம் கிடைத்தது. கல்லறையில் இருந்த நடுப்பெயர் அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். ஆள் அவர்தான், சந்தேகமே இல்லை. அப்பாவின் தொழில் கொல்லர் வேலை. அதைச் சொன்னதும் அத்தை ரசத்தை இலையில் வழியவிட்டுச் சிரித்தார். "இரும்படிக்கிறவரு மகனா? அப்புறம் என்னலா துரை!" நானும் சிரித்தேன். அந்தத் தேடலில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்து அதே தேவாலயத்தில் அவருடைய திருமணப் பதிவு கிடைத்தது. அதற்கடுத்த கணக்கெடுப்பில் அவர், மனைவி, மூன்று பிள்ளைகள். பத்து வருடம் கழித்து எடுத்த கணக்கில் அவர் இல்லை. மனைவிதான் குடும்பத் தலைவி. ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்திருக்கிறார். திருமண நிலை என்ற இடத்தில், விதவை. அந்த வருடம் துரைத் தாத்தா கிள்ளானில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். எங்கள் வம்சத்தின் முதல் மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்திருப்பான். அவர் செத்துவிட்டதாக யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னார்களா, அந்தப் பெண்ணே அப்படி முடிவு கட்டிக்கொண்டாரா என்பது எந்தப் பதிவிலும் இல்லை. அந்தக் கணக்கில் இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள். கடைக்குட்டி எங்கே என்று அடக்கப் பதிவைத் தேடினேன். ஆதரவற்றோர் விடுதியில் இறந்திருந்தாள். வயது ஆறு.

துரைத் தாத்தா எங்களை விட்டுப் போகவில்லைதான். அவர்களை விட்டு வந்தவர். அவர் வராமல் இருந்திருந்தால் அத்தையும் இல்லை, நானும் இல்லை. அந்தப் பெண் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள்போல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தோடு ஞாயிறு தவறாமல் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, "ரெக்கார்டு ஒண்ணும் சரியா இல்ல அத்தை" என்று பொய் சொன்னேன்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. துரைத் தாத்தாவின் கல்லில் புதிதாக ஒரு வரி செதுக்க ஆள் பிடித்திருப்பதாக அத்தை போனில் சொன்னார். "கடைசிவரை உண்மையாயிருந்த கணவர்" என்று போட வேண்டுமாம். அன்று சாயங்காலமே கிள்ளானுக்குப் போனேன். அத்தை நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் கை நிற்கவில்லை.

"விதவைன்னு அவளேவா சொன்னா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு அத்தை."

இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "எனக்கு அந்தத் தைரியம் வரல பாரு" என்றார். அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளைங்க என்ன ஆச்சு?"

"எல்லாரும் நல்லா வளந்துட்டாங்க அத்தை."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்தான்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லவென்று ரயில் ஏறிப் போனவள், இன்னொரு பொய்யைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கல் செதுக்குபவரை அத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் துரைத் தாத்தாவுக்கும் வாளித் தண்ணீர்தான். இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கக் கொடுக்கும் சீட்டில், எல்லாப் பெயர்களுக்கும் மேலே அந்த ஆங்கிலேயப் பெண்ணின் பெயரை எழுதினார். அந்தோணியம்மாள்களுக்கும் சூசைகளுக்கும் நடுவில் அந்தப் பெயர் வந்தபோது ஃபாதர் கொஞ்சம் தடுமாறினார். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்த நான், வாசிக்கப்படாத பெயரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். சொல்லிவிடலாம், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிப்போட்டதெல்லாம் அதோடு முடிந்தது. நவம்பரில் கோயில் வாசலில் நின்று இந்த வருடச் சீட்டை எழுதினேன். அத்தையின் பெயருக்குக் கீழே அந்தக் குழந்தையின் பெயரை, துரைத் தாத்தாவின் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதினேன். அத்தையின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இது? நம்ம வீட்டுல இந்தப் பேர்ல யாரும் இல்லியே."

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையிடம் மறைத்ததையும் சொன்னேன். பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். ஆட்கள் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, குழந்தையின் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த குடும்பப் பெயரை மட்டும் அடித்தாள்.

"அந்தாளு பேரு இதுக்கு எதுக்கு? அதோட அம்மா பேரச் சொல்லு, எழுதுறேன்."