கதவுக்குக் கீழே காக்கித் துணி

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் அது. இரண்டு வருட வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு, காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். அப்பா அம்மாவைப் பார்க்கத்தான் இப்படிப் பறந்து வந்திருக்கிறாள் என்று தெருவில் எல்லாரும் நினைத்திருப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். வாசலில் பெட்டியை வைத்த கையோடு நான் ஓடியது என் காரிடம்.

அது ஒரு பழைய ஜப்பான் கார். பார்க்கச் சாதுவான நாலு கதவு வண்டிதான். ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வேகத்துக்கென்றே செய்த ரகம், இப்போது வருவதில்லை. ஒரு உதிரி பாகத்துக்கு ஊர் ஊராகப் போன் போட வேண்டும். சம்பாதிக்கத் தொடங்கியதும் ஆசை ஆசையாக, பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். “பொம்பளப் புள்ள ஒரு செயின் வாங்குவான்னு பாத்தா, தெருவையே எழுப்புற மாதிரி உறுமுற வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறா பாரு” என்று அம்மா அன்று தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த மாதிரி வண்டிகளின் இன்ஜின் லேசில் சாகாது. வண்டியைச் சாகடிப்பது துருதான். அதுவும் அடியில், நம் கண்ணில் படாத இடத்தில் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும். அதனால் வெளிநாடு கிளம்பும்போது அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். “உப்புக் காத்துப்பா. மேல பளபளன்னு இருந்தா போதாது. அடியில உப்பு சேராம நல்லாத் தண்ணி அடிச்சுக் கழுவணும்.”

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வண்டியிலேயே போனவர், ஸ்டியரிங்கை மட்டும் தொட்டதே இல்லை. “நான் பாத்துக்கிறேம்மா, நீ நிம்மதியாப் போயிட்டு வா” என்றார். வாரம் ஒரு தடவை சித்தப்பா மகன் வந்து, நிற்கிற இடத்திலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைப்பான். சாவி அப்பாவிடம் இருக்கும். தினமும் சாயங்காலம் நான் போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி, “வண்டி எப்படிப்பா இருக்கு?” பதிலும் மாறாது. “நல்லா இருக்கும்மா.”

நல்லாத்தான் இருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை, கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. அப்பா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சூப்பர்ப்பா!” என்றதும் அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் காரைக்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நேராக, வழக்கமாக விடும் மெக்கானிக் கடைக்குப் போனேன். அவருக்கும் இந்த வண்டிகள் என்றால் பைத்தியம். எனக்குத் துணைப் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினார். அடியில் அடித்திருந்த கறுப்புப் பூச்சு பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். பூச்சு அப்பளம் மாதிரி உடைந்து, அதற்குப் பின்னாலிருந்த தகடு பொலபொலவென்று கொட்டியது. கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் பெட்டி மாதிரியான இரும்புச் சட்டத்தில் குத்தினார், ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பின்சக்கரத்தைத் தாங்குகிற இடத்திலும் அதே கதைதான். அந்தச் சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

“என்னக்கா, கடலுக்குள்ள இறக்கி ஓட்டுனீங்களா?”

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சித்தப்பா மகன்தான்! கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பீச் மணலில் ஓட்டியிருக்கிறான், அலையில் விட்டுப் படம் எடுத்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “அவன்கிட்ட எதுக்குப்பா சாவியக் குடுத்தீங்க? வண்டி போச்சு! மொத்தமாப் போச்சு! இதைத்தான் பாத்துக்கிட்டீங்களா ரெண்டு வருஷமா?”

அப்பா மெதுவாகச் சொன்னார். “சாவி எங்கிட்டதாம்மா இருந்துச்சு. வாசலத் தாண்டி யாரும் எடுத்துட்டுப் போகல.”

“அப்ப எப்படி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மெக்கானிக் அந்த இரும்புச் சட்டத்துக்கு அடியில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே போகிற தண்ணீர் வடிவதற்கு அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. ஒவ்வொரு ஓட்டையிலும் துணியைச் சுருட்டி இறுக்கமாக அடைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கியதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் ஒழுகியது. மனிதர் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தூ என்று துப்பினார்.

“உப்புத் தண்ணிக்கா.”

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். காக்கித் துணி. அடுத்த ஓட்டையிலிருந்து வந்ததில் ஒரு பாக்கெட்டின் மூடியும் பித்தானும் இருந்தன. அப்பாவின் யூனிஃபார்ம். ஓய்வு பெற்ற அன்று போட்டிருந்த சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் வைத்திருந்தார். பழைய துணி கேட்டு வருபவர்களுக்கு அம்மா அதை எடுத்துக் கொடுக்கப் போனால் சண்டைக்கு வருவார். அதைத்தான் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு விதம். தெருவில் காலையில் கொஞ்ச நேரம் வருவது நல்ல தண்ணி. அது குடிக்க, சமைக்க மட்டும்தான். அதில் கை கழுவினால்கூட அம்மாவின் வாயிலிருந்து தப்ப முடியாது. மற்றதற்கெல்லாம் போர் தண்ணி. வாயில் வைக்க முடியாத உப்பு, சோப்பு நுரைக்காது. குளிப்பதும் அதில்தான், துவைப்பதும் அதில்தான், வாசல் தெளிப்பதும் அதில்தான். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டதால் அது உப்பு என்பதே எங்களுக்கு நினைப்பில் இருக்காது. கழுவுங்கள் என்று சொன்ன எனக்கும் தோன்றவில்லை, கழுவிய அவருக்கும் தோன்றவில்லை. உப்பு போக வேண்டும் என்று இரண்டு வருடமாக உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம்!

அங்கே கிடந்த ஒரு டயரில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக்குக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “செத்த தகட்டை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சு வெல்டு பண்ணிடலாங்க்கா. உள்பக்கம் துருப் பிடிக்காம மெழுகு அடிச்சுத் தர்றேன். ஆனா இன்னொரு தடவை இந்தத் தண்ணி பட்டா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். அப்பாவிடம் சொல்லாவிட்டால் அவர் கழுவிக்கொண்டே இருப்பார், வண்டி போய்விடும். சொன்னால் அந்த மனிதர் உடைந்து போவார்.

வீட்டில் அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. சித்தப்பா மகனைக் கூப்பிட்டு விசாரிக்க, அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “யாருன்னு தெரிஞ்சுதாம்மா?”

“யாரும் இல்லப்பா. பழைய வண்டி, வயசாயிடுச்சு. நான்தான் தெரியாமக் கத்திட்டேன்.” நிறுத்தாமல் அடுத்த பொய்யையும் சொன்னேன். “புது மருந்து அடிக்கிறாங்க. இனிமே அடியில தண்ணியே படக்கூடாதாம்.”

“சரிம்மா” என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மாவை அடுக்களையில் பிடித்தேன். அம்மா பொரிந்து தள்ளிவிட்டார். “அந்தக் கூத்தை ஏன் கேக்குற? முழங்கால் வலியோட சாக்கை விரிச்சுக் கீழ படுத்துக்குவாரு. எலி உள்ள போயி ஒயரைக் கடிச்சிடும்னு டீக்கடையில எவனோ சொல்லிட்டானாம், ஓட்டையெல்லாம் துணி வச்சு அடைப்பாரு. கழுவும்போது அதை எடுத்துட்டு, உள்ள பைப்பை விட்டு அடிச்சிட்டு, திரும்ப அடைப்பாரு. மழை நாள்ல கூட விட மாட்டாரு. தினமும் எதுக்குங்க இந்தப் பாடுன்னு கேட்டா என்ன சொல்வாருன்னு நெனைக்கிற? ‘புள்ள போன்ல மொதல்ல அதைத்தான் கேக்குது. நல்லா இருக்குன்னு வாய் கூசாமச் சொல்லணும்ல’ன்னுவாரு.”

எனக்கு அப்போது வந்த அழுகையை, வெங்காயத்தின் மேல் பழி போட்டுச் சமாளித்தேன்.

வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் விடிந்ததும் அப்பாவைக் காணோம். அவருடைய சைக்கிளும் இல்லை. பால் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருமுனைக் குழாயடியில் பெண்களின் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், வரிசையின் கடைசியில் அப்பா. சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்கள்.

“என்ன பெரியப்பா, காருக்குக் காபி போட்டுக் குடுக்கப் போறீங்களா?” என்று ஒரு அக்கா கிண்டலடிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடி, “நீங்கள்ளாம் பிடிச்சிக்கிங்கம்மா, மிச்சம் இருந்தா நான் பிடிச்சிக்கிறேன்” என்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் பக்கத்தில் போனேன். “யாருப்பா சொன்னது?”

“வண்டிய விட்டுட்டு நீ மட்டும் வந்தியே, அதுக்கு மறுநாளே பஸ் ஏறிப் போயிட்டேன். எப்படி இருக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு. அங்க பெஞ்சு மேல என் சட்டைத் துணி கிடந்துச்சு. கேட்டேன். பாவம், அந்தத் தம்பி சொல்லத் தயங்குனாரு, நான்தான் விடல.” கேரியரில் சாய்ந்த குடத்தை நிமிர்த்தி வைத்தார். “எனக்குத் தெரியும்னு பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அது மனசு கஷ்டப்படும்னு கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.”

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரியும் என்று எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனை நாளும் ஒரே வீட்டுக்குள், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் மறைத்து நடித்திருக்கிறோம்.

“மருந்து அடிச்சா தண்ணி படக்கூடாதுன்னு நீ சொன்னது எனக்காகத்தான்னு தெரியும்மா. ஆனா உப்புக் காத்து நிக்கவா போகுது? கழுவித்தானே ஆகணும். அதான் நல்ல தண்ணி...” குரல் உடைந்தது. “பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு, நானே அதை அழிச்சிட்டேனேம்மா.”

குழாயடியில் அத்தனை பேர் முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். “கழுவச் சொன்னது நான்தானப்பா. எந்தத் தண்ணின்னு சொல்லாததும் நான்தான். கத்துனதும் நான்தான். என்னை மன்னிச்சிடுங்கப்பா.” கிண்டலடித்த அந்த அக்கா ஒன்றும் புரியாமல் தன் குடத்தை நகர்த்திவிட்டு, அப்பாவின் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததை அம்மா வாசலில் நின்று பார்த்தார். நல்ல தண்ணியில் கார் கழுவப் போகிறோம் என்றதும், “எனக்குக் குளிக்க ஒரு சொம்பு கேட்டா குடுத்திருப்பாரா இந்த மனுஷன்?” என்று மட்டும் கேட்டார். சித்தப்பா மகன் சாயங்காலம் வந்து, “அக்கா, எம்மேல போட்ட கேஸ் வாபஸா?” என்றான். அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன்.

அடுத்து எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கடல் இல்லாத ஊர், உப்புக் காற்று இல்லை. வண்டியைக் கையோடு கொண்டு போய்விடு, அங்கேதான் அது பிழைக்கும் என்று மெக்கானிக் உட்பட எல்லாரும் சொன்னார்கள். நியாயம்தான். அப்பாவே சாவியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. “அங்க நிறுத்த இடம் இல்லப்பா, நீங்களே பாத்துக்கிங்க” என்றேன். அதுவும் பொய்தான். அவர் நம்பினாரா என்று தெரியாது. சாவியை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், நான் ஏறி உட்கார்ந்ததும் பழைய ஞாபகத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, “ரைட், போலாம்!” என்று குரல் கொடுத்தார். உண்மையான கண்டக்டர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

பித்தான் இருந்த அந்தக் காக்கித் துண்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. வண்டி எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. இரும்புதானே, ஒரு நாள் போகும். போன் பண்ணினால் இப்போதெல்லாம் வண்டியைப் பற்றி நான் கேட்பதே இல்லை. “சாப்டீங்களாப்பா, முழங்கால் எப்படி இருக்கு?” என்றுதான் ஆரம்பிக்கிறேன். அவரோ அதற்குப் பதில் சொல்லாமல், “வண்டி நல்லா இருக்கும்மா” என்கிறார். இரண்டு வருடம் தினமும் கேட்டும் என் காதில் ஏறாமல் போன அந்த வார்த்தையில், வண்டியைவிட நான்தான் அதிகம் இருந்தேன் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.