பூட்டன் போட்ட கையெழுத்து

பர்மாத் தமிழர்களின் இந்தக் குழுவில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, ஒரு வரி எழுதியதில்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்பில் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சாக்கின் வாசம்... போட்டாதாங் படகுத்துறை என்றால் எனக்கு அதுதான். தவிடும் ஆற்றுச் சேறும் கலந்த வாசம். மூட்டை தூக்கிவிட்டு அப்பா வீடு திரும்பும்போது, அவருக்கு முன்னால் அது மூன்று மாடி ஏறி வந்துவிடும்.

நான் பத்தாம் வகுப்பு தேறிய வருடம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் தேறியதில்லை. இங்கே பத்தோடு பள்ளி முடிந்துவிடுவதால் காலேஜ் ஃபார்ம் வாங்கி வந்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும்.

அப்பா போடவில்லை.

கோபமெல்லாம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது மட்டும் வேணாம்மா" என்றார். அவ்வளவுதான்.

காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் தாத்தா, அதாவது என் பூட்டன், வெள்ளைக்காரன் காலத்தில் இதே துறைமுகத்தில் கிடங்குக் காவலாளியாக இருந்தார். ஊர்க்காவலுக்குத் தொண்டர் படை என்று ஆள் சேர்த்தபோது அவரும் சேர்ந்தார். முழுநேரப் பட்டாளம் இல்லை. பகலில் அவரவர் வேலை, சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி. காக்கி அரைக்கால் சட்டை, கையில் ஒரு துணிப்பட்டை. எல்லோருக்கும் துப்பாக்கி கிடைக்கவில்லையாம். பூட்டன் மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் நடந்தாராம்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு நடக்கத் தொடங்கினார்கள். பூட்டனின் அண்ணன் தம்பி மூன்று பேரும் கிளம்பினார்கள். இவர் மட்டும் போகவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாராம். கைக்குழந்தையோடு பூட்டியும் அவரோடு தங்கிவிட்டாள். படை கலைந்து, வெள்ளைக்காரத் துரைகளும் போன பிறகு, இவர்கள் இங்கேயே கிடந்தார்கள். நடந்து போன மூன்று பேரிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வாடகை ஒப்பந்தத்தில்கூட அம்மாதான் போடுவாள். அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவளாம், அவளை ஒன்றும் செய்யாதாம்! ஆனால் இந்த ஃபார்மில் அப்பாவின் பெயருக்கு நேரே அப்பாதான் போட வேண்டும்.

கடைசி நாள் மத்தியானம் ஃபார்மை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். கிடங்கு நிழலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு மூட்டை தூக்கும் கோ சோ என்பவர் பர்மாக்காரர்தான், ஆனால் கேலி செய்வதென்றால் தமிழில்தான் செய்வார்.

"என்னா மாமா, பொண்ணு ஒன்னையப் பட்டாளத்துல சேக்க வந்துருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஃபார்மை நீட்டியபடி நின்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. "என்னா எழுதியிருக்குன்னு படி" என்றார்.

பர்மிய எழுத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அந்தக் கடைசி வரிய திருப்பிச் சொல்லு."

"பொண்ணோட நடத்தைக்கு நான் பொறுப்புன்னு இருக்குப்பா."

"அது சரி. பாதியில போகக்கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லப்பா."

"புடிக்கலன்னா நீ வந்துரலாமா?"

"வந்துரலாம்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். கோ சோகூட டீயை வைத்துவிட்டுக் கேட்டார். இல்லை... அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை.

அப்பா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். காலி சுருட்டு அட்டையில் ஒரு முறை எழுதிப் பார்த்தார். பிறகு ஃபார்மில் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக. அப்பாவுக்குத் தமிழ் எழுத வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தமிழில் போட்டதைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பஸ்ஸில் வழியெல்லாம் பயம். காலேஜ் அலுவலகத்திலிருந்த பெண்மணி அதைப் பார்க்கவே இல்லை. முத்திரை குத்தி அடுக்கில் போட்டுவிட்டார்.

இப்போது நான் ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கையெழுத்துத்தான். பாதியைப் படிப்பதுகூட இல்லை. போன் எதைக் கேட்டாலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று விரலை வைத்துவிடுகிறேன். அப்பா முதுகுவலியால் வேலையை விட்டுவிட்டார். அவர் போனில் ஏதாவது வந்தால் இன்றைக்கும், "என்னா எழுதியிருக்குன்னு படி" என்பார். படித்துச் சொல்லாமல் விரலை வைக்க விடமாட்டார்.

போன மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எங்க தாத்தா அன்னிக்குக் கையெழுத்துப் போட்டாரா, ரேகை வெச்சாரா?"

"தெரியலப்பா. ஏன்?"

"கையெழுத்துன்னா படிச்சிட்டுப் போட்டுருப்பாரு. தெரிஞ்சேதான் நின்னுருப்பாரு. ரேகைன்னா..." தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "படிச்சுச் சொல்ல அவருக்கு யாரு இருந்தா?"

இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். உங்கள் குடும்பங்களிலும் அந்தத் தொண்டர் படையில் இருந்தவர்கள் இருக்கலாம். பழைய பெட்டியில் பெயர்ப் பட்டியலோ சேர்க்கைத் தாளோ கிடந்தால், வீராசாமி என்ற பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால், அந்தப் பெயருக்கு நேரே உள்ள இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

எழுத்தோ, ரேகையோ... எதுவாக இருந்தாலும் அனுப்புங்கள். அப்பாவிடம் காட்ட வேண்டும்.