மேயர் படத்துக்குப் பக்கத்தில் என் தங்கை

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் ஃபெலிசா ஒருத்திதான். நான் ஆறாம் வகுப்போடு நின்று மூன்று சக்கர வண்டி ஓட்டப் போனேன். என் வண்டியின் முதுகில் அவள் பெயர்தான் இருக்கிறது. வண்ணம் மங்கினால் நானே கோடு பிசகாமல் மேலே பூசுவேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவள். பனாய்த் தீவில் எங்கள் ஊர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவளே தலைவியாக இருந்தாள்.

சங்கம் கேட்டது பெரிய விஷயமில்லை. அணிவகுப்பு, வரவேற்பு, மேயர் திறக்கும் கட்டடம் என்று சனிக்கிழமைகளில் ஆசிரியர்களை வெயிலில் நிறுத்துகிறார்கள். அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புக் கொடுங்கள் என்றாள். அப்படிச் சேரும் விடுப்பைத் தவிர ஆசிரியர்களுக்கு வேறு விடுப்பு இல்லாததால் காய்ச்சலில் படுத்தால்கூடச் சம்பளம் பிடித்தார்கள். கர்ப்பிணி ஆசிரியை ஒருத்தி அணிவகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் கல்வி அலுவலகம் இறங்கி வந்தது. ஒப்பந்தத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அந்த வாரமே அவளைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். அவள் கேட்கவேயில்லை. தலைமையாசிரியர் என்றால் நிர்வாகத்தின் ஆள், சங்கத்தில் இருக்க முடியாது. உத்தரவு அவள் கைக்கு வருமுன் சந்தை முக்கில் பேனர் ஏறிவிட்டது. தேர்வில் தேறினாலும் பதவி உயர்ந்தாலும் எங்கள் ஊரில் பேனர் உண்டு, வீட்டார் கட்டுவார்கள். இதை மேயர் கட்டியிருந்தார். அவர் முகம் குடை அளவு, வாழ்த்துப் பெறுகிறவள் முகம் தட்டு அளவு.

அன்றே அலுவலகத்துக்குப் போய்ப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். திரும்பும்போது பேனரடியில் நிறுத்தச் சொன்னாள்.

"முழுசா கழட்டிடவா?" என்றேன்.

"மேயர் மொகத்துல கைய வச்சா உன் பர்மிட்ட புடுங்கிருவாங்க, மனோங். என்னை மட்டும் எடுத்துர்றேன்."

அண்ணனை நாங்கள் மனோங் என்போம். வண்டிக் கூரைமேல் ஏறித் தன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். மேயர் ஓர் ஓட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலை பள்ளிக்கூடத்தில் சங்கக் கூட்டம். நான் ஜன்னலை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்தேன்.

"மேடம், நூடுல்ஸ் எங்க? பதவி வந்தா பன்சித் போடணும்ல?" என்றார் துணைத் தலைவர் ஒஸ்முண்டோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன் சார். பாருங்க, ஆபீஸ் முத்திரை."

"அப்புறம் எதுக்கு மொகத்த வெட்டினீங்க? தப்பு பண்ணாதவங்க ஏன் ஒளியணும்?"

"வெட்டாம விட்டிருந்தா ஒத்துக்கிட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

அவளோடு ஒரே பெஞ்சில் படித்த தியோடுலா எழுந்தாள். "கோவிச்சுக்காத ஃபெலி. தலைமையாசிரியர் வேலைய யாராவது வேணாம்பாங்களா? நானா இருந்தா சொல்ல மாட்டேன். இங்க யாரு சொல்லுவா? கையத் தூக்குங்க பாப்போம்."

ஃபெலிசா மட்டும் தூக்கினாள். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றே அவளை இறக்கிவிட்டு ஒஸ்முண்டோவைத் தலைவராக்கினார்கள். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். சீருடைத் துணி கிடைத்தது. சனிக்கிழமை விடுப்பு மட்டும் 'பரிசீலிக்கப்படும்' என்று ஆனது. அடுத்த பள்ளியாண்டில் ஒஸ்முண்டோ தலைமையாசிரியர். அவர் பன்சித் போட்டார், யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டார்கள்.

போன சனிக்கிழமை மேயர் பிறந்தநாள் அணிவகுப்பு. ஃபெலிசாவுக்குக் காய்ச்சல், ஆனாலும் போனாள். முடிந்ததும் வண்டியில் ஏற்றினேன். தியோடுலாவும் தானாக ஏறி உட்கார்ந்தாள். அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஃபெலி, இந்தச் சனிக்கிழமைக் கொடுமைக்கு நீதான் ஏதாவது பண்ணணும். ஒஸ்முண்டோவுக்கு அப்புறம் வந்தவன் போனையே எடுக்கறதில்ல."

"எறங்கு" என்றேன்.

"விடு, மனோங். வண்டிய எடு" என்றாள் ஃபெலிசா. பிறகு தியோடுலா பக்கம் திரும்பி, "உங்க பள்ளிக்கூடத்துல எத்தன பேரு கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

வழியெல்லாம் இருவரும் அதையே பேசினார்கள். தியோடுலாவை அவள் வீட்டு வாசலில் விடவில்லை. முக்கிலேயே இறக்கினேன். மீதியை நடக்கட்டும்.