இத்தோடை என்று அவள் சொல்லவில்லை

இல்லை, றோசலின் புருஷனை விட்டுவிட்டு ஓடவில்லை. தன் இரண்டு காதாலும் கேட்டதாக யோகராணி சத்தியம் செய்தால், அந்த இரண்டு காதையும் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டட்டும். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனாளாம். போனாள்தான். மணி கிலுங்கப் போனாளாம். அதுவும் உண்மை. இக்னேசியஸ் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தானாம். துடைத்தான், யார் இல்லை என்றது? அதையெல்லாம் ஒட்டி ஒரு கதை தைத்து ஸ்காபரோவின் மல்வேர்ன் முழுக்க உடுத்திக்கொண்டு திரிவதுதான் பிழை.

பிளாசா பேக்கரியில் பணிஸ் வாங்க நின்ற சந்திரவதனாவிடம் யோகராணி சொன்னது இதுதான்:

"நான் சும்மா சொல்லேல்லை. என்ரை வீட்டுக்கும் அவையின்ரை வீட்டுக்கும் நடுவிலை ஒரு சுவர்தான். சனிக்கிழமை விடிய ஸ்னோ அள்ள வெளியிலை வந்தனான். உவள் வாசல்லை நிண்டு 'இத்தோடை' எண்டாள். அந்த மனுசன், பாவம், 'இத்தோடை ராசியாய்' எண்டு கெஞ்சுது. உவள் திரும்பியும் பாக்கேல்லை."

"இத்தோடை என்னவாம்?"

"இத்தோடை எல்லாம் முடிஞ்சுதாம். வேறை என்ன? அந்தாள் ராசியாய்ப் போவம் எண்டு கேட்டிருக்கு."

"பிறகென்னத்துக்கு மணி?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. வேலைக்கும் கோயிலுக்கும் தவிர வெளியிலை கால் வைக்காதவள். இப்ப மாடு மாதிரி மணியைக் கட்டிக்கொண்டு போறாள். ஜப்பான்லை இருந்து வந்த நாளிலையிருந்தே அவளிலை ஏதோ ஒண்டு."

ஜப்பான் என்று சொன்னாளே, அந்த ஒன்று மட்டும் சரி. கதை அங்கேதான் தொடங்குகிறது.

றோசலின் மன்னாரில் பேசாலைப் பெண். கடல் தெரியும், மணல் தெரியும். மலையைக் கலண்டரில் பார்த்ததோடு சரி. இக்னேசியஸைக் கட்டிக்கொண்டு அவனுக்கு வேலை இருந்த ஜப்பானுக்குப் போனபோது, சுற்றிவர மலை நின்ற ஒரு சின்ன ஊரில் போய் இறங்கினாள். அவனுக்கு அங்கே வாகனம் திருத்தும் கம்பனியில் வேலை. முதல் பனிக்காலம் முழுக்க அவள் ஜன்னல் சீலையைத் திறக்கவில்லை. மலை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறதாம், அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், பக்கத்து வீட்டுக் கோபயாஷி என்ற கிழவி கதவைத் தட்டினாள். பாஷை இல்லை. றோசலினுடைய காலைக் காட்டினாள், தன்னுடைய சப்பாத்தைக் காட்டினாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே உருகாத பனியின் ஓரத்தில் பச்சை மொட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கிழவி ஒன்றை முறித்து நீட்டினாள். றோசலின் கடித்துப் பார்த்தாள். பாவற்காயே தோற்றுவிடும் கைப்பு. முகம் கோணிய கோணலைப் பார்த்துக் கிழவி சிரிக்க, றோசலினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டுக்கு வந்து அவள் சிரித்த முதற் சிரிப்பு அதுதான். அன்றைக்கே அந்த மொட்டைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்து வேலிக்கு மேலால் கொடுத்தாள். கோப்பை கழுவித் திரும்பி வந்தது, உள்ளே இன்னும் ஒரு கை மொட்டோடு.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து வீட்டுக்குள் வைக்க ஒருவராலும் முடியவில்லை. ஜூலி பிறந்தபோது பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போனாள். கோடையில் ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிப்பாள். அதில் மட்டும் கோபயாஷி அன்ரி அவளிடம் பாடம் கேட்டாள், பேசாலைக்காரிக்கு மீன் பிடிக்க யார் படிப்பிக்கிறது? பனிக்காலத்தில் பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையில் தாயும் மகளும் ஒன்றாய் இருந்து மலையடிவாரத்தில் சறுக்கி, கீழே உருண்டு, மூக்குச் சிவக்க எழும்பி வருவார்கள். இக்னேசியஸ் எல்லாவற்றுக்கும் முணுமுணுப்பான். "மன்னார் மனுசனுக்கு மலையிலை என்ன வேலை" என்பான். சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையைத் தூக்குவான். சாப்பாடு என்றால், அந்த ஊர் மாதிரிச் சோற்றை உருட்டி, நடுவில் அவர்கள் வைக்கும் ஊறுகாய்க்குப் பதிலாகக் கருவாட்டுச் சம்பல். ஒருமுறை மலை உச்சியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர் மணத்துக்கு மயங்கி ஒன்று வாங்கித் தின்றார். கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓடியது. இடுப்பு முறியக் குனிந்து கும்பிட்டு, இன்னொன்று கேட்டார்.

இந்தக் கதைக்கு முக்கியமானது வாசல். அந்த ஊரில் வீட்டைவிட்டுப் புறப்படும் ஆள் "இத்தே கிமாஸ்" என்று சொல்லவேண்டும். வீட்டில் நிற்கும் ஆள் "இத்தே ராஷ்ஷாய்" என்று மறுமொழி சொல்லவேண்டும். என்ன அர்த்தம் என்று இக்னேசியஸ் வேலை இடத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னபோது றோசலின் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மெய்யே? 'போட்டு வாறன்', 'போட்டு வா'. அதுதானே?"

"ஓமப்பா. அச்சொட்டாய் அதுதான்."

பேசாலையில் வெறுமனே 'போறன்' என்று சொல்லி வாசலைத் தாண்டினால் தாய் திருப்பிக் கூப்பிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சரியாகச் சொல்ல வைத்துத்தான் விடுவாள். இங்கேயும் அதுவே சட்டம் என்று தெரிந்ததும் றோசலினுக்கு அந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது. மூன்று பேரும் ஒன்றாகப் புறப்பட்டு, வீட்டில் மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லாத நாட்களில் கோபயாஷி அன்ரி தன் முற்றத்திலிருந்து சொல்லுவாள். அது கேட்ட பிறகுதான் றோசலின் படி இறங்குவாள்.

மணியும் அந்த ஊர் வழக்கம்தான். மலையில் கரடி உண்டு. பையில் ஒரு பித்தளை மணி கட்டிக்கொண்டு நடந்தால் சத்தம் கேட்டுக் கரடி தானாகவே விலகிப் போய்விடும். பஸ்ஸில் சனத்துக்குத் தொல்லை இல்லாமல் நாக்கைப் பிடித்து வைக்க அதற்குள் ஒரு காந்தம். திருப்பிவிட்டால் ஊமை, மறுபடி திருப்பினால் பேச்சு. கரடிக்கு மட்டுமில்லை, ஜூலி பின்னால் வருகிறாளா என்று றோசலின் திரும்பிப் பாராமலே தெரிந்துகொண்டதும் பிள்ளையின் பையில் கட்டிய அந்த மணியால்தான்.

அங்கே இருந்த கடைசி வருஷம், இலை சிவக்கும் காலத்தில் மலைக்குப் போனபோது புகார் இறங்கி வழியை மூடியது. முன்னால் றோசலின், பின்னால் இக்னேசியஸ், நடுவில் ஜூலி. கொஞ்சத் தூரம் போன பிறகு றோசலினுக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. நின்றாள். இக்னேசியஸ் வந்து சேர்ந்தான். நடுவில் பிள்ளை இல்லை. கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரல் புகாருக்குள் போய்க் கரைந்தது. மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத சத்தத்தைத்தான் அவள் பிறகு எல்லா இடமும் சுமந்து திரிந்தாள்.

பொழுது படுவதற்கு முன்னர் பிள்ளை கிடைத்துவிட்டாள். சரிவில், குட்டை மூங்கில் பற்றைக்குள், கால் பிசகிக் குளிரில் விறைத்துப்போய் இருந்தாள். "மான் நிண்டது அம்மா. மணி கேட்டா ஓடிடும் எண்டு நிப்பாட்டினனான்" என்றாள். றோசலின் அவளை முதுகில் சுமந்து இறக்கினாள். காலுக்குப் பெரிய பிழை ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் றோசலினின் அழுகை நிற்கவில்லை. இக்னேசியஸ் அவள் தலையில் கை வைத்து, "இனிப் போதும், றோசி" என்றான்.

அவள் நிறுத்தினாள். அழுகையை மட்டுமல்ல, எல்லாவற்றையும். இவ்வளவு நாளும் முணுமுணுத்தவன் இன்றைக்கு வாய் திறந்து சொல்லிவிட்டான் என்று நினைத்தாள். மலைக்குப் போட்ட சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் போனது. மணியை ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி வைத்தாள். அடுத்த வருஷம் இக்னேசியஸின் தமக்கை இருந்த ஸ்காபரோவுக்கு வந்தார்கள். மல்வேர்னில் டவுன்ஹவுஸ், அவளுக்குப் பாண் போடும் பேக்கரிப் பக்டரியில் வேலை. பஸ்ஸில் போவாள், பஸ்ஸில் வருவாள். மிச்ச நேரம் ஜன்னல் சீலை மூடித்தான் கிடந்தது. வாசலைத் தாண்டும்போது எந்தப் பாஷையிலும் எதுவும் சொல்ல மாட்டாள். இக்னேசியஸ் அதைப் பார்த்தான். அவளுக்கே வெறுத்துவிட்டது, கிளறி நோகடிக்கக் கூடாது என்று அவன் நினைத்தான். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு நாலு வருஷம்.

இந்தப் பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு, லைப்ரரிக்கு என்று சொல்லிப் போன ஜூலி பின்னேரமாகியும் திரும்பவில்லை. ஃபோன் எடுபடவில்லை. இக்னேசியஸ் லைப்ரரிப் பக்கம் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போனான். றோசலின் ஏனென்று தெரியாமலே அலுமாரி லாச்சியை இழுத்தாள். லேஞ்சி இருந்தது, அதற்குள் மணி இல்லை.

பஸ் ஓடும் தூரத்தில் இருந்த றூஜ் ஆற்றங்கரைக் காட்டுக்குத்தான் போயிருப்பாள். வேறெங்கே?

ஜக்கெற்றை மாட்டினாள். கதவைத் திறந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, குளிர் முழுக்க வீட்டுக்குள் போக, அன்றைக்கு மலையில் நின்ற மாதிரியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஸ்னோ மூடிய ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பஸ் வந்து நின்று போனது.

பிறகு கேட்டது. மெல்லிசாக, தூரத்தில். நடைக்கு ஒருதரம், நடைக்கு ஒருதரம்.

றோசலின் பிடித்திருந்த கதவை விட்டாள். வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளின் மேலேயே இருந்துவிட்டாள். ஜூலி மூக்குச் சிவக்க, தொப்பியெல்லாம் ஸ்னோவோடு வந்து நின்றாள்.

"ஏனம்மா சப்பாத்துக்கு மேலை இருக்கிறீங்கள்?"

"உன்ரை ஃபோன் எங்கையடி?"

"குளிருக்கு பற்றரி செத்துப் போச்சு. சொறி அம்மா. ஆனா மணியை நிப்பாட்டவே இல்லை. போற வழி, வாற வழி, பஸ்ஸுக்குள்ளையும் அடிச்சுக்கொண்டுதான் வந்தனான். எல்லாரும் பாத்தவை."

"அங்கை கரடி இல்லையடி."

"தெரியும். உங்களுக்குத்தான் அடிச்சனான்."

அதற்குள் இக்னேசியஸ் வந்துவிட்டான். பிள்ளையைக் கண்டதும் கார்த் திறப்பைச் சுவரில் மாட்டப் போய், இரண்டு தரம் தவறவிட்டான். கோபம் ஆறி, தேத்தண்ணி ஊற்றி, மூன்று பேரும் மேசையில் இருந்த பிறகு ஜூலி கேட்டாள்:

"நீங்கள்தானே எனக்கு எல்லாம் காட்டித் தந்தனீங்கள். இப்ப ஏன் நீங்கள் வாறேல்லை?"

"கொப்பா போதும் எண்டு சொன்னவரெல்லோ."

இக்னேசியஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "நான் எப்பவப்பா சொன்னனான்?"

"ஆஸ்பத்திரியிலை. 'இனிப் போதும்' எண்டு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீர் அழுதது போதும் எண்டெல்லோ சொன்னனான், றோசி."

பிறகு றோசலின் சிரிக்கத் தொடங்கினாள். பச்சை மொட்டைக் கடித்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சிரிப்பு நடுவில் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகியது. ஜூலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, சரியோ" என்றாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் யோகராணி கண்ட சனிக்கிழமை.

பையைப் பற்றிச் சொன்னாளே, அது ஜப்பானில் வாங்கிய மலைப் பை. உடுப்பு ஒன்றும் இல்லை. சுடுதண்ணிப் போத்தலும் சோற்று உருண்டையும் உள்ளே, சறுக்குப் பலகை வெளியே கட்டியிருந்தது. கருவாட்டுச் சம்பலுக்கு விடிய எழும்பி வெங்காயம் வெட்டியது இக்னேசியஸ். கண்ணீர் அதால் வந்தது. வெங்காயத்தால் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்தான், ஆனால் கெஞ்சி வந்த கண்ணீர் இல்லை. அவனுக்கு முழங்கால் நோ, ஸ்னோவுக்குள் நடக்க ஏலாது. அதற்கும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது.

"இஞ்சை கோபயாஷி அன்ரி இல்லையெல்லோ. வீட்டிலை ஓராள் நிண்டால்தானே மறுமொழி சொல்லலாம்."

"முழங்காலுக்கு நல்ல சாட்டு" என்றாள் றோசலின்.

ஜூலி பஸ் பார்க்க முன்னுக்குப் போய்விட்டாள். றோசலின் வாசலில் நின்று பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். வெளியே யோகராணி ஸ்னோ அள்ளுவதை நிறுத்திவிட்டு, மண்வெட்டியில் நாடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். நாலு வருஷமாகச் சொல்லாத சொல், நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

"இத்தே கிமாஸ்."

"இத்தே ராஷ்ஷாய்" என்றான் இக்னேசியஸ். சொல்லிவிட்டு, போதாதென்று நினைத்தானோ என்னவோ, தமிழிலும் சொன்னான்: "போட்டு வாரும்." அதைக் கேட்க யோகராணி நிற்கவில்லை. அவள் ஃபோனை எடுக்க உள்ளே ஓடி, மிச்சத்தை ஜன்னலால்தான் பார்த்தாள்.

றோசலின் மணியின் காந்தத்தைத் திருப்பிவிட்டாள். முதல் படியில் கால் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை என்பது உண்மை. படி முழுக்க ஐஸ், திரும்பியிருந்தால் அவனும் நொண்டி, இவளும் நொண்டி. ஒவ்வொரு படியாக, மணி கிலுங்கக் கிலுங்க இறங்கி ரோட்டுக்கு வந்தாள். வெயில் எறித்தது. முகத்தில் பட்ட குளிர் பழக்கமான குளிராக இருந்தது.

"அம்மா, பஸ் வருது. கெதியா" என்று ஜூலி பஸ் தரிப்பிலிருந்து கத்தினாள்.

அப்போது ஓடினாள். றோசலின் ஓடினாள் என்று யாரும் சொல்வதானால், அந்த இடத்தைச் சொல்லட்டும்.