தேதிக்கு விட்ட இடம்

2009-ஆம் வருடம், கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்பு, புதுச்சேரி உப்பளத்தில் நடந்தது இது.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். மாமியார் இறந்தபோது, கல்லறைக் கல்லில் அவர் பெயருக்குக் கீழேயே தன் பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டச் சொல்லிவிட்டார். இறக்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. எங்கள் பக்கம் சிலர் இப்படிச் செய்வதுண்டு என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் மனிதர் ஈஸிசேரே கதி என்று கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "தேதி ஒண்ணுதாம்மா பாக்கி" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நச்சரித்து அவரையும் சினிமாவுக்கு இழுத்து வந்தார்கள். பொம்மைப் படம். மனைவியை இழந்த ஒரு கிழவர், தள்ளாத வயதில் ஊரை விட்டுக் கிளம்பி என்னென்னவோ சாகசம் செய்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இவரை ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை காபியோடு போனால் ஈஸிசேர் காலி. தெரு முழுக்கத் தேடிவிட்டோம். கடற்கரையில் போய்ப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்த மாமியாரின் தங்கை.

"ஏம்மா, ஒங்க மாமா எங்க அக்கா கல்ல ஒடைக்கிறாரு! ஓடியா!"

ஓடினோம். கல் வெட்டுகிறவர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருக்கிறார். மாமா பக்கத்தில் நின்று அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்லில் மாமாவின் பெயர் பாதி காணோம். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். மாமியாரின் தங்கையோ தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இந்த வயசுல வேற கல்யாணமா அத்தான்?"

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல" என்றார் மாமா. "அவ பேர நான் தொடல. என் பேரத்தான் எடுக்கச் சொன்னேன். காலாப்பட்டு பக்கம் குப்பத்துல சக்கர வியாதிக்காரங்க கால்ல புண்ணோட கெடக்குறாங்கன்னு நம்ம மீன்காரம்மா எத்தினி நாளா சொல்லுது. கட்டுப் போட எனக்குத் தெரியும். நாளைலேருந்து போறேன்."

"ஒரு பொம்மைப் படத்தப் பாத்துட்டா இவ்ளோ பண்றீங்க மாமா?" என்று கத்தினேன்.

"அந்தாளு என் வயசுக்காரன்தாம்மா" என்றார், படு சாதாரணமாக.

சொன்னபடியே மறுநாள் பஞ்சு, மருந்து, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சாயங்காலம் வியர்த்து வழியத் திரும்பி வந்தவர், நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, "பசிக்குதும்மா, என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! தட்டில் சோற்றைப் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பு முடிந்த வரை பல வருடங்கள் போய்வந்தார்.

அந்தப் பெயரை எடுத்ததற்கு நாங்கள் அத்தனை பேரும் கூடி நின்று அலறினோம். உயிரோடு இருந்த மனிதரின் பெயரை அந்தக் கல்லில் வெட்டிய அன்றைக்கு எங்களில் ஒருவர்கூட அலறவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.