சவரிமுத்துவின் நூற்புழுவும் என் உச்சிவெயிலும்

சவரிமுத்து இறந்த சேதி வந்தபோது நான் டீக்கடையில் என் மக்காச்சோளக் கதிரின் நீளத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் காட்டினேன். உள்ளது அதில் பாதிதான். போனில் அவன் மனைவி ஜெசிந்தா, "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றாள். விரித்த கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவனும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதோடு நான் படிப்பை விட்டேன். படிப்புதான் என்னை விட்டது என்பான் அவன். கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், டவுனில் நாகல் நகர் வீட்டின் பின்னறையில் நூற்புழு வளர்த்தான். கண்ணுக்குத் தெரியாத புழு. பயிரைத் தின்னும் புழுவின் உடம்புக்குள் புகுந்து இரண்டு மூன்று நாளில் அதைக் கொன்றுவிடும். தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகுப்புழுவைத் தட்டில் பரப்பி, அதற்குள்ளேதான் இதைப் பெருக்குவான். "இது மருந்து இல்ல மாப்ள, உசுரு" என்பான்.

முந்தின வருஷம் படைப்புழு என் மக்காச்சோளக் குருத்தையெல்லாம் தின்று சல்லடையாக்கியது. நூற்புழுவை ஈர ஸ்பாஞ்சில் ஏற்றி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தான். காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சி, பொழுது சாயத் தெளிக்கவேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தான். நானோ ஊரைக் கூட்டிவிட்டேன். பந்தல், மைக், வடை. பத்துக் கிராமம் திரண்டது என்றுதான் இதுவரை உங்களிடம் சொல்லி வந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள்.

"செத்த நேரம் பொறு மாப்ள, பொழுது சாயட்டும். இதுகளுக்கு வெயிலும் ஆகாது, கூட்டமும் ஆகாது" என்றான்.

"சாயங்காலம் அடிச்சா எவன்டா பாப்பான்? அம்புட்டுப் பேரும் பஸ் ஏறிருவாய்ங்க" என்று தெளிப்பானைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். உச்சி வெயில். குருத்தில் விழுந்த ஈரம் நான் வரப்புக்குத் திரும்புமுன் காய்ந்துபோனது.

நாலாம் நாள் பார்க்க வந்தவர்கள் முன்னால் படைப்புழு கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "அவன் குடுத்தது பச்சத்தண்ணிப்பா" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சவரிமுத்து அங்கேதான் நின்றான். அன்று முதல் நம் பக்கம் அவனுக்குப் பெயரே பச்சத்தண்ணி. அவன் புழுவை ஒருவரும் வாங்கவில்லை.

மறுவாரம் ஒரு சாயங்காலம் அவன் தனியாக வந்து, கிணற்றோரம் நாலு வரிசைக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் குருத்தைப் பிரித்தேன். புழுவெல்லாம் செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தன. நூற்புழு புகுந்து கொன்றால் வரும் நிறம் அது. போன் செய்து சொன்னேன்.

"நீயே ஊர்ல சொல்லிரு மாப்ள. நான் சொன்னா நம்பமாட்டாய்ங்க" என்றான்.

சரி என்றேன். சொல்லவில்லை. சொன்னால், உச்சி வெயிலில் அடித்த மடையன் யாரென்று கேட்பீர்களே. அப்புறம் எங்கே கண்டாலும், "சொல்லிட்டியா?" என்பான். பிறகு அப்படிக் கேட்பதையும் விட்டுவிட்டான்.

அடக்கத்தன்று நாம் வைத்த ஃப்ளெக்ஸில் 'விவசாயிகளின் தோழர்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம். பின்னறையில் ஜெசிந்தா ஒரு தட்டைத் திறந்து காட்டினாள். "கடேசி வரைக்கும் வளத்தாருண்ணே. கேட்டு வரத்தான் ஆளில்ல" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் செய்ததை அவளிடமும் அவன் சொல்லாமலே போயிருக்கிறான்.

அந்தச் செங்கல் நிறப் புழுக்களில் மூன்றை ஒரு திருநீற்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றைப் பத்தாகச் சொல்லியே வாழ்ந்த நான், வாயைத் திறக்காமல் ஒளித்தது இது ஒன்றைத்தான். அவனுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பதும் இதுதான். நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஜெசிந்தாவின் தட்டிலிருந்து வாங்கி, உங்கள் கண் முன்னால் தெளித்தும் காட்டுகிறேன். வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள்.