ஐம்பத்து மூன்றாவது பெயர்

பள்ளியின் வரலாற்று மலருக்கு எங்கள் வகுப்பின் முன்னாள் மாணவர் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நான்தான் லீடர். அந்த வருடம் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாள்களில்கூட உடல் சூடு எத்தனை டிகிரி என்றாவது குறித்திருப்பேன்.

ஞாயிறுதோறும் காலையில் மலர் வேலைக்கு வரும் பழைய வகுப்புத் தோழர்களான எங்களுக்காகத் தலைமையாசிரியை ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவார். வரலாறு எழுத உட்கார்ந்தால் சண்டைதான். பள்ளி முதலில் மூன்று ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகளில் நடந்தது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனோம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் ஆசிரியர் குரல் கேட்காது, பாடம் நின்றுவிடும். அதனால் கணக்குப் பீரியடில் நாங்கள் கரும்பலகையைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தோம். ஆசிரியர்களில் பாதிப் பேர் நெமிலிச்சேரியில் ரயில் இறங்கி வருகிறவர்கள். ரயில் தாமதமானால் முதல் மணியும் தாமதம். இதைப் போடலாமா என்று தலைமையாசிரியை சற்று யோசித்தார். பிறகு, “போடுங்க, இப்பவும் அப்படித்தான்” என்றார்.

ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து பெஞ்சுகளைத் துடைத்து வைப்பவர் கோவில்பதாகையில் குடியிருக்கும் எங்கள் வகுப்புத் தோழர். அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முந்தைய ஞாயிறன்று, பட்டியலை அச்செடுத்து எல்லாரிடமும் நீட்டினேன். அலுவலகச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, அகர வரிசையில் ஐம்பத்திரண்டு பெயர்கள். லேத் பட்டறைக்காரர் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். மறுபடியும் மேலே போனார்.

“இன்னா லீடரு, எம் பேரக் காணோம்?”

“பதிவேட்டுல இருக்கறத வெச்சுதான் எழுதினேன். அதுல உன் பேர் இல்ல.”

“ஒரு வருசம் மூணாவது பெஞ்சுல குந்திகினு இருந்தேனே, அது இன்னா ஆவியா?”

எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் வங்கி நண்பர் சிரித்தார். “மச்சான், நீ குந்திகினு இருந்தது எல்லாருக்கும் தெரியும். படிச்சியான்றதுதான் டவுட்டு.”

“நீ சும்மா இரு மாமே” என்றவர், நடந்ததைச் சொன்னார். அவர் குடும்பம் வேலை தேடி ஆவடிப் பக்கம் வந்தபோது, பழைய பள்ளியில் டி.சி. வாங்க அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்போதிருந்த தலைமையாசிரியர், ‘வந்து உக்காரு, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அந்த அப்புறம் வருவதற்குள் வருடம் முடிந்துவிட்டது. விடுமுறையில் அப்பா அவரை ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார். பதிவேட்டில் அவர் பெயர் ஏறவே இல்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல லீடரு. எம் பொண்ணு இங்கதான் ப்ளஸ் டூ படிக்குது. அப்பனும் இதே ஸ்கூலுதான்னு அது கொழந்தையா இருக்க சொல்லோ இருந்து சொல்லிகினு கீறேன். மலர் வந்தா மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் தொறக்கும்.”

வங்கி நண்பர் சிரிப்பை நிறுத்தினார்.

தலைமையாசிரியை தயங்கினார். “பள்ளிக்கூடம் பேர்ல வர்ற பட்டியல். நாளைக்கு யாராவது கேட்டா காட்ட எழுத்துல ஏதாவது வேணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கொண்டுவாங்க.”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. தினமும் காலையில் கரும்பலகை மூலையில் ‘பதிவு, வருகை’ எழுதியவள் நான். எல்லாரும் வந்த நாள்களில் தலைகளை எண்ணினால் ஐம்பத்து மூன்று வரும். பதிவைவிட வருகை கூடுதலாக இருக்கக் கூடாதே என்று ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவேன். கணக்கு சரியாக இருக்கிறது என்று அதில் பெருமை வேறு.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். ஒன்பதாம் வகுப்பு நாட்குறிப்பை முழுவதும் படித்தேன். என் மதிப்பெண்கள், மழை, மதிய உணவு எல்லாம் இருந்தன. லேத் பட்டறைக்காரர் மட்டும் இல்லை. அதன் அடியில் காக்கி அட்டை போட்ட இன்னொரு நோட்டு இருந்தது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது லீடரின் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வருவதற்குள் யாராவது பலகையை அழித்துவிடுவார்கள் என்பதால் நான் அதை ஒரு நோட்டிலும் நகலெடுத்து வைத்தேன். வாரம் ஒரு முறை வகுப்பாசிரியர் அதைப் பார்த்துக் கையெழுத்திடுவார். முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் பெயரே அவருடையதுதான், ஐந்து பெருக்கல் குறிகளுடன். அதற்குப் பிறகு அவர் பெயர் வராத பக்கங்களைத் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நானும் அவரும் தலைமையாசிரியை அறையில் இருந்தோம். பழைய பதிவேட்டில் இருந்த வகுப்பாசிரியரின் கையெழுத்தோடு என் நோட்டில் இருந்ததைத் தலைமையாசிரியை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார்.

“ஒரே நாள்ல ஒன்பது தடவையா?”

“டீச்சர், அதுல பாதி ரெண்டாவது பெஞ்சு பேசினது. இந்த லீடரு எம்மேல போட்டுடுச்சு.”

“என் பட்டியல்ல தப்பு இருக்காது” என்றேன்.

“பாருங்க டீச்சர், இத்தினி வருசமாயும் உட மாட்டேங்குது!”

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே என் தாளை வாங்கினார். தலைப்பில் ‘பதிவுபெற்ற மாணவர்கள்’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘வகுப்பில் இருந்தவர்கள்’ என்று எழுதினார். லேத் பட்டறைக்காரரின் பெயரை அகர வரிசையில் உரிய இடத்தில் தன் கையாலேயே சேர்த்தார். நண்பர் அந்த வரியைப் படித்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“பேரு வந்துச்சு, போதும். அந்த நோட்ட மட்டும் எம் பொண்ணு கண்ல காட்டிடாத.”

தலைமையாசிரியைக்கு அது கேட்கவில்லை. அதற்குள் நண்பரின் பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்துவர ஆள் அனுப்பியிருந்தார். இரட்டைப் பின்னலோடு வந்து நின்ற பெண் அப்பாவைப் பார்த்து மிரண்டாள். விஷயம் தெரிந்ததும் நோட்டின் மேல் குனிந்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள், இரண்டாவதைத் திருப்பினாள்.

“அப்பா! கிளாஸ்ல வாயத் தொறக்காதன்னு டெய்லி ஸ்கூல் கேட்டுல எறக்கிவிடும்போது சொல்வியே?”

“அது வேற, இது வேற.”

“இன்னா வேற? உன் போனக் குடு.”

அவர் கைபேசியின் பூட்டைத் திறந்து கொடுத்தார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள். அவர் பெயர் இல்லாத பக்கங்களைக்கூட அவள் விடவில்லை. பக்கம் மடங்காதபடி அவரே மூலையைப் பிடித்துக்கொண்டார்.